பரிசல் திரும்பும் வழி

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரும் கடிதங்களில், புகழ்ந்து வருபவற்றுக்கும் திட்டி வருபவற்றுக்கும் பதில் எழுதுவது சுலபம். முன்னதற்கு ஒரு வந்தனம், பின்னதற்கு மௌனம். அதோடு காரியம் முடிந்துவிடும். சங்கடமெல்லாம் சந்தேகம் கேட்டு வரும் கடிதங்களால்தான். சில வருஷங்களுக்கு முன்னால் மேட்டூருக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. மரியாதையான கார்டு. நமஸ்காரத்தில் ஆரம்பித்து நமஸ்காரத்தில் முடிந்தது. நடுவில் இருந்த விஷயம் இதுதான்:

"தங்கள் கதையில் கதாநாயகன் ராத்திரி பத்து மணிக்குப் பரிசல் ஏறி, ஆற்றோட்டத்தோடு மூன்று மைல் கீழே போய்க் கதாநாயகியைச் சந்திக்கிறான். சரி. விடியற்காலை நாலு மணிக்கு அதே பரிசலில் ஏறி, யாருக்கும் தெரியாமல் தன் ஊருக்கு வந்துவிடுகிறான். எப்படி வந்தான் என்று தெரிவித்தால் நலம். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பரிசல் போடுகிறவர்கள். எங்களுக்கும் உபயோகமாக இருக்கும்."

படித்ததும் கார்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டப் போனேன். அதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள். "நியாயமாத்தானே கேட்டிருக்கார்? நீங்க எழுதும்போதே எனக்குத் தோணிச்சு" என்றாள். தோன்றியதை அப்போதே சொல்லாமல் மூன்று பதிப்பு வருகிற வரையில் ஏன் காத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயத்தை எழுதின காலத்தில் நான் பரிசலில் ஏறினதே கிடையாது. காவேரியை ரயில் பாலத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறேன். பரிசலைச் சினிமாவில் பார்த்திருக்கிறேன். சினிமாவில் பரிசல் எப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கும். திரும்பி வருவதைக் காட்டமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது நிலவும், தண்ணீரும், தனிமையும். அவற்றைப் போட்டேன். பத்திரிகைகளில் மதிப்புரை எழுதின பெரியவர்களும் நிலவொளியைத்தான் புகழ்ந்தார்கள். நீரோட்டம் எந்தத் திசையில் போகிறது என்று அவர்களும் கவனிக்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் தெருவில் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒகேனக்கலுக்கு ஒரு நாள் உல்லாசப் பிரயாணம் ஏற்பாடு செய்தார்கள். ஒரு வேன், பதினாறு பேர், காலை இட்டிலி, மத்தியானம் மீன் சாப்பாடு அல்லது தயிர்ச்சாதம், பரிசல் சவாரி, இருட்டுவதற்குள் வீடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மேய்த்துப் போவதற்கு ஒரு வழிகாட்டி. மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில். இறங்க ஒரு விசில், ஏற இரண்டு விசில். வேனை விட்டு இறங்குமுன்பே அவர், இங்கே குளிக்கலாம், இங்கே குளிக்கக் கூடாது, இங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிகளைச் சொல்லிவிட்டார். இங்கே ஆனந்தப்படலாம் என்று ஓரிடத்தைக் காட்டவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பெயர் கன்னடம். ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. குடகில் பிறந்து கன்னட நாடெல்லாம் சுற்றிவிட்டு வரும் காவேரி, தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் பல கிளையாகப் பிரிந்து பாறை இடுக்குகளில் விழுகிறது. விழுகிற வேகத்தில் எழும் நீர்த்துளி, தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ அடுப்பு மூட்டியது போலத் தெரியும். கிட்டப் போனால் உண்மையிலேயே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் மீன். இன்னொரு பக்கம் எண்ணெய்க் கிண்ணமும் கையுமாக, நம் உடம்பைப் பிடித்து மாலிஷ் செய்துவிடக் காத்திருக்கும் ஆட்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் இரண்டாவது வகையினரிடம் அகப்பட்டுக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து வந்தபோது அவர் மூலக்கூறு மாறியிருந்தது.

பரிசல் துறையில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். 2015-இல் இங்கே ஒரு பரிசல் கவிழ்ந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஈரத்தோடு ஈரமாக, முன்பு யாரோ போட்டுக் கழற்றிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நான் பரிசலுக்குள் கால் வைத்தேன்.

பரிசலைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அது படகு அல்ல, கூடை. ஏழெட்டடி விட்டமுள்ள பெரிய மூங்கில் கூடை. மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சாகக் கீறி, குறுக்கும் நெடுக்கும் பின்னி, விளிம்பை முறுக்கிக் கட்டுகிறார்கள். முன்காலத்தில் வெளிப்புறம் மாட்டுத்தோல் போர்த்தித் தைத்தார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளை ஒட்டித் தார் பூசுகிறார்கள். ஆணி கிடையாது, சுக்கான் கிடையாது. முன்பக்கம், பின்பக்கம் என்பதும் கிடையாது. பழைய காலத்துப் புலவர்கள் பாட்டுக்குப் பரிசில் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது பரிசல். அகராதிக்காரர்கள் இந்த ஓடத்தையும் பரிசில் என்று சொல்வதுண்டு என்கிறார்கள். அதனால் கணக்கு ஒருவாறு சரியாகிவிடுகிறது.

எங்கள் பரிசல்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். எடை போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. "பெரியம்மா இப்படி. சார் எதிர்ப்பக்கம். தம்பி, நீ அசையாதே" என்று நாலு பேரையும் நாலு திக்கில் உட்கார்த்தி வைத்தார். தாம் விளிம்பருகில் குந்தி, ஒற்றைத் துடுப்பைத் தண்ணீரில் போட்டார். ஓடக்காரர்கள் தண்ணீரைப் பின்னால் தள்ளுவார்கள் என்றே நினைத்திருந்தேன். இவர் தமக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைத் தம் பக்கமாக இழுத்தார். வலப்புறம் ஓர் இழுப்பு, இடப்புறம் ஓர் இழுப்பு. ஒரு நொடி மறந்தால் கூடை சுற்ற ஆரம்பித்துவிடும்.

கொஞ்ச தூரத்தில் இருபுறமும் பாறைச் சுவர் உயர்ந்தது. அருவியின் இரைச்சல் பின்னால் போய்விட்டது. கறுத்த தண்ணீர், மேலே ஒரு கீற்று வானம். அங்கே பரிசல்காரர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். கூடை பம்பரமாகச் சுற்றியது. என் மனைவி முதலில் என் கையைப் பிடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் நாலைந்து தடவைதான் கேட்டிருக்கிறேன். முன்பக்கம் இல்லாத ஓடத்தில் ஒரு வசதி உண்டு. எல்லோரும் ஒவ்வொரு தடவை முன்னால் வந்துவிடுகிறார்கள்.

'தம்பி' என்று சொன்னேனே, அவன் என் நண்பரின் பேரன். கல்லூரியை முடித்துவிட்டு இரண்டு வருஷமாகத் தேசம் சுற்றுகிறவன். லாவோஸ் நாட்டில் வாங் வியேங் என்ற ஊரில் நாம் சோங் என்று ஓர் ஆறு இருக்கிறதாம். அங்கே இந்தக் கூடையும் கிடையாது. ஊதின டியூபை ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு மலைகளைப் பார்த்தபடி மிதந்து வரவேண்டியதுதான். "ஒரு வேலையும் இல்லை, அங்கிள். ஆறே கொண்டுவந்து விட்டுடும்" என்றான்.

எனக்கு என் பால்யம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்க் கிணற்றில் பெரியவர்கள் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் கற்றுக்கொண்டவர்கள். எங்கள் தலைமுறைக்குப் பஞ்சர் கடை லாரி டியூப் வந்துவிட்டது. டன்லப் என்பவர் 1888-இல் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி ஆட்டம் கொடுக்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை மாட்டினார். உலகத்தின் சிறு பையன்களெல்லாம் அதைக் கழற்றித் தண்ணீரில் போடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். அந்தக் காற்றுக்குழாயின் வால்வு விலாவில் கீறின தழும்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"மிதந்து போய் ஊரில் இறங்கிவிடுகிறாய். சரி. முதலில் ஆற்றின் மேல்பக்கத்துக்கு எப்படிப் போனாய்?" என்று கேட்டேன்.

"ஆட்டோ மாதிரி ஒரு வண்டி, அங்கிள். டியூபையெல்லாம் கூரை மேலே கட்டி ஏற்றிக்கொண்டு போய் விடுவான்."

அப்போதுதான் டிராயரில் இருந்த தபால் கார்டு என் நெஞ்சில் குத்தியது. பரிசல்காரரைப் பார்த்து, "இந்தப் பரிசல் திரும்ப மேல்துறைக்கு எப்படிப் போகும்?" என்றேன்.

அவர் துடுப்பை நிறுத்தவில்லை. "தண்ணி தேங்கி நிக்கற எடத்துல துடுப்புப் போட்டு ஏத்திடலாம் சார். ஓட்டம் இருக்கற எடத்துல ஏறாது" என்றார்.

"அங்கே?"

"தலையில."

இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது, வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் பரிசலை ஆற்றின் நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டு அதைச் சொல்லிவிடுகிறேன்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோடஸ், பாபிலோன் நகரத்தைப் பற்றி எழுதும்போது, அந்த நகரத்துக்கு அடுத்தபடியாகத் தம்மை வியக்க வைத்தது அங்கே வரும் படகுகள்தான் என்கிறார். ஆர்மீனிய மலைநாட்டில் மரக்கொம்புகளை வளைத்துச் சட்டம் கட்டி, வெளியே தோலைப் போர்த்தி, கேடயம் போல் வட்டமாகச் செய்து, உள்ளே வைக்கோல் பரப்பிச் சரக்கை ஏற்றுகிறார்கள். இரண்டு ஆட்கள் நின்றுகொண்டு ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு படகிலும் சரக்கோடு சரக்காக ஒரு கழுதை நிற்கிறது. பெரிய படகானால் பல கழுதைகள். பாபிலோன் வந்ததும் சரக்கை விற்கிறார்கள். சட்டத்தையும் வைக்கோலையும்கூட விற்றுவிடுகிறார்கள். தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, ஆர்மீனியாவுக்கு நடந்தே திரும்புகிறார்கள். ஆற்றின் வேகத்தில் படகை மேல்நோக்கி ஓட்ட முடியாது என்று காரணமும் எழுதி வைத்திருக்கிறார்.

ஹெரோடோடஸ் எழுதினதில் கட்டுக்கதை நிறைய உண்டு என்று பண்டிதர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த இடத்தில் அவர் கேட்டிருக்கும் கேள்வியை நான் என் நாவலில் கேட்கவில்லை. அந்தக் கழுதையைப் பற்றிப் படித்தபோது, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. திரும்பும் வழியையும் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்!

அதே நதிகளில் இன்னும் பழைய சாட்சியம் ஒன்று கல்லில் இருக்கிறது. கி.மு. 883 முதல் 859 வரையில் ஆண்ட அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நசிர்பாலின் அரண்மனைச் சுவர்ச் சிற்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவற்றில் அசீரியச் சேனை ஆற்றைக் கடக்கும் காட்சி ஒன்று. அரசனுடைய ரதம் படகில் போகிறது. குதிரைகள் நீந்துகின்றன. சாதாரணச் சிப்பாய்களோ, ஊதி உப்பின ஆட்டுத்தோலை மார்பின் கீழ் அணைத்துக்கொண்டு மிதக்கிறார்கள். நண்பரின் பேரன் லாவோஸில் உட்கார்ந்து வந்த டியூபுக்கு மூதாதை அதுதான். வித்தியாசம், அந்தச் சிப்பாய் காசு கொடுத்து மிதக்கவில்லை.

இந்த நிம்ரூத் அரண்மனையைத் தோண்டியவர் லேயர்டு என்ற ஆங்கிலேயர். டன் கணக்கில் கனக்கும் இறகு முளைத்த கல் எருதையும் சிங்கத்தையும் 1847-இல் அவர் கடலுக்குக் கொண்டுபோனது எப்படி? டைகரிஸ் நதியில், ஊதின ஆட்டுத்தோல்களை நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கட்டி, அதன் மேல் மரம் பரப்பிய தெப்பத்தில்தான். கெலெக் என்று அதற்குப் பெயர். கல்லில் செதுக்கின வித்தையைக் கொண்டே கல்லையும் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்தத் தெப்பக்காரர்களின் வழக்கமும் பழைய ஆர்மீனியர் வழக்கந்தான். பாக்தாதில் மரத்தை விற்றுவிட்டு, தோல்களிலிருந்து காற்றை இறக்கி, விலங்குகள் மேல் ஏற்றி, கரை வழியாக மோசுல் நகரத்துக்குத் திரும்புவார்கள். பாக்தாதிலேயே நம் பரிசலின் உடன்பிறந்தவனும் இருந்தது. குஃபா என்று பெயர், வட்டக் கூடை, தாருக்குப் பதில் நிலத்திலிருந்து ஊறும் நிலக்கீல் பூச்சு. இருபதாம் நூற்றாண்டிலும் அது அங்கே ஆட்களை ஏற்றிக் கடத்திக்கொண்டிருந்தது.

திரும்பும் கவலையே இல்லாத வட்டப் படகு ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த இர்விங் ஃபிங்கல் என்பவர், சுமார் 3,700 வருஷத்துக்கு முந்திய களிமண் ஏடு ஒன்றைப் படித்து 2014-இல் வெளியிட்டார். பிரளய காலத்தில் உயிர்களை ஏற்றிக் காப்பாற்றிய கப்பலை எப்படிக் கட்டுவது என்று அதில் கணக்கோடு சொல்லியிருக்கிறது. அது ஒரு பிரம்மாண்டமான பரிசல்! குறுக்களவு சுமார் 70 மீட்டர். அந்த முறைப்படி ஒரு சிறிய மாதிரியைக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? நம் கேரளத்துக்கு. கட்டித் தண்ணீரிலும் விட்டார்கள். நீர் கசிந்தது, ஆனாலும் மிதந்தது. பிரளயத்தில் போகிற படகுக்கு முன்பக்கம் எதற்கு? போகவேண்டிய ஊரும் இல்லை, திரும்புவதற்கும் ஊர் மிச்சம் இல்லை. மிதந்தால் போதும்.

நம் தென்னாட்டுப் பரிசலைப் பற்றி எழுதி வைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் டொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துக்கீசியர். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, விஜயநகரத்துக்கு வந்தவர். துங்கபத்திரையில் ஜனங்கள் கூடை போன்ற வட்டப் படகில் கடப்பதையும், உள்ளே பிரம்பு, வெளியே தோல் என்பதையும், பதினைந்து இருபது பேர் ஏறலாம் என்பதையும், வேண்டுமானால் குதிரையும் மாடும்கூட ஏறும் என்பதையும் எழுதுகிறார். நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்பதையும் விடவில்லை. அவரும் தலை சுற்றி இறங்கியிருக்கவேண்டும். பிறகு பதினேழாம் நூற்றாண்டில் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி, கோல்கொண்டா வைரச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் மாட்டுத்தோல் போர்த்த கூடையில் நதியைக் கடக்கிறார். 1803-இல் மராட்டியப் போருக்குப் போன ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே அதே மனிதர், சேனை நதிகளைக் கடப்பதற்குக் கூடைப் படகுகள் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

எல்லாம் சரிதான். பிரயாணிக்கு அக்கரை போய்ச் சேர்ந்ததோடு கதை முடிந்துவிடுகிறது. துடுப்புப் போட்டவன் பெயர் பயஸுக்குத் தெரியவில்லை. நானும் இந்த மூவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதில் கொஞ்சம் ஆறுதல் அடையப் பார்த்தேன். ஆனால் அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். நான் பார்க்காததை எழுதினேன்.

வேலைக்காகக் கடந்தவர்கள் இருக்கட்டும். வெறும் உல்லாசத்துக்காகக் கூட்டமாக ஆற்றுக்குப் போனவர்கள் கதை நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. பரிபாடலில் வையைப் பாட்டுகள் 26 இருந்தனவாம்; உ.வே. சாமிநாதையர் 1918-இல் அச்சிட்ட நூலில் முழுதாகக் கிடைத்தவை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடைத்தவரையிலும் போதும். புதுவெள்ளம் வந்துவிட்டது என்று கேட்டதும் மதுரையே கிளம்பிவிடுகிறது. யானை, குதிரை, வண்டி, சந்தனம், நீர் பீச்சும் குழல், மிதப்பதற்குப் புணை. நடுவில் காதலர் சண்டை வேறு. எங்கள் வேனும் மஞ்சள் தொப்பியும் அந்த வம்சத்தில் வந்தவைதான் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பழங்கதைகளிலும் திரும்பாதவன் ஒருவன் இருக்கிறான். கழார்த் துறையில் புதுப்புனல் விழாவில் ஆடிய ஆட்டனத்தியைக் காவேரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் மனைவி ஆதிமந்தி, கரிகாலனுடைய மகள் என்று சிலப்பதிகாரம் சொல்லும், அவனைத் தேடிக் கரையோடு அழுதுகொண்டே நடந்தாள். ஆற்றில் போனவனுக்கு ஒரு நாழிகை; கரையில் நடந்தவளுக்கு எத்தனை நாளோ. லாவோஸிலும் அந்தச் சிரிப்பெல்லாம் எப்போதும் சிரிப்பாகவே முடியவில்லை. கரையெல்லாம் சாராயக் கடை வைத்து, குடித்துவிட்டு டியூபில் ஏறி, 2011-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பிரயாணிகள் அங்கே இறந்துபோனார்கள். 2012-இல் அரசாங்கம் அந்தக் கடைகளை மூடியது. நண்பரின் பேரன் போனது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னால் என்பதை அவன் பாட்டியின் நிம்மதிக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் பரிசலை நடு ஆற்றில் விட்டுவிட்டேன். அது இதற்குள் கீழ்த்துறைக்கு வந்து மணலில் தட்டி நின்றுவிட்டது. மஞ்சள் தொப்பிக்காரர் இரண்டு விசில் கொடுத்தார்; வேன் மேலே பாதையில் காத்திருந்தது. நான் பரிசல்காரரோடு நடந்தே மேல்துறைக்கு வருகிறேன் என்றேன். "சார், அது நம்ம புரோகிராமில் இல்லையே" என்று அவர் திகைத்துப் போனார். என் மனைவி, "முழங்கால் உங்களுது, இஷ்டம் உங்களுது" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

பரிசல்காரர் கூடையைக் கவிழ்த்து நீரை வடித்தார். பக்கத்திலிருந்த ஒருவர் விளிம்பைத் தூக்கிக் கொடுக்க, இவர் உள்ளே குனிந்து நுழைந்து, துண்டைச் சும்மாடாகச் சுற்றிய தலையால் அதைத் தூக்கி நிறுத்தினார். பார்த்தால் ஒரு பெரிய கறுப்புக் காளான் இரண்டு காலோடு நிற்பது போல் இருந்தது. "துடுப்பை நீங்க புடிச்சுக்கிறீங்களா சார்?" என்று கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிடித்துக்கொண்டேன்.

பாறையும் மணலுமாக ஏறுகிற பாதை. கூடையின் விளிம்பு அவர் கண்ணை மறைத்தது. காலடியில் இரண்டு முழ நிலந்தான் அவருக்குத் தெரியும். எதிரில் குளித்துவிட்டு வருகிறவர்களும், மீன் வாங்குகிறவர்களும், படம் எடுக்கிறவர்களும் குறுக்கே நின்றார்கள். நான் முன்னால் போய், "வழி, வழி! கொஞ்சம் ஒதுங்குங்கள்!" என்று கத்திக்கொண்டே நடந்தேன். சிலர் எங்கள் இருவரையும் சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அதில் அவருடைய முகம் விழுந்திருக்க நியாயமில்லை, என்னுடையது விழுந்திருக்கும்.

குரல் வந்துகொண்டே இருந்தது. "எங்கப்பன் காலத்துல தோலு சார். நனைஞ்சா கனம் கூடிப்போகும். காயவெச்சுத்தான் தூக்கணும். இப்ப இது பரவாயில்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"சாதா நாள்ல ரெண்டு, மூணு. லீவு நாள்னா கூட வரும். ஆனா இறங்கறதுக்குத்தான் சார் சீட்டு. ஏர்றதுக்குச் சீட்டு கிடையாது."

"வெள்ளக் காலத்தில்?"

"பரிசல் ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திப்புடுவாங்க. தண்ணி வத்தினாலும் வேலை இல்லை, தண்ணி ஜாஸ்தியானாலும் வேலை இல்லை. 2018-ல பாருங்க, ரெண்டு லட்சம் கன அடி வந்துச்சு. வீட்டுல உக்காந்து சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அந்தக் கல்லுகிட்ட பள்ளம் இருக்குமே, இருக்கா?"

"இருக்கிறது. இடது பக்கமாக வாருங்கள்" என்றேன்.

நடுவில் ஒரு தடவை ஒரு மரத்தடியில் கூடையை இறக்கினோம். இறக்கும்போது நான் விளிம்பைத் தாங்கினேன். அதன் கனத்தில் பாதிகூட என் கைக்கு வந்திருக்காது. ஆனாலும் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அவர் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஒரு டீ சாப்பிட்டோம். என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். கதை எழுதுகிறேன் என்றேன். "சினிமாவுக்கா?" என்றார். இல்லை என்றதும் மேலே கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாகத் தபால் கார்டுக்குப் பதில் எழுதினேன். தவறு என்னுடையது, அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு திருத்த உட்கார்ந்தேன். மூன்று மைல், கரடுமுரடான கரை, இருட்டு, தலையில் பரிசல். கதாநாயகன் பட்டணத்தில் படித்தவன். அடிக்கடி இறக்கி வைப்பான். நாலு மணிக்குக் கிளம்பினால் ஊர் வந்து சேர எட்டு ஆகிவிடும். அதற்குள் அவன் தகப்பனார் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஊரெல்லாம் பார்க்கும். ரகசியம் வெளிப்பட்டுவிடும். பாக்கிப் பதினெட்டு அத்தியாயங்களுக்கு வேலையே இல்லை.

பதிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் காரியவாதி. "இதற்கா இவ்வளவு கவலை? பரிசலை அங்கேயே விட்டுவிட்டு அவனைக் கைவீசி நடந்து வரச் சொல்லுங்கள்" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் அது இரவல் பரிசல் என்று ஐந்தாம் அத்தியாயத்திலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன். விடிந்ததும் அதன் சொந்தக்காரன் துறைக்கு வருவான்; அக்கரைக்குப் போகிறவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தேன் என்று பார்ப்பதற்காகப் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். பெயர் வைத்திருக்கவில்லை.